ஆறுதலா வாங்கோ



பிராண்டேயில் எங்களோடு வேலை செய்கிற டெனிஷ்காரர் பலர் இப்போது குளிர்காலத்தில் இலங்கைக்கு விடுமுறையில் போய் வருகிறார்கள். தென்கரையில் இரண்டு கிழமை இருந்துவிட்டு, தோல் சிவந்து திரும்பி வந்து, தேநீர் நேரத்தில் எங்களைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இப்படி ஒரு சொர்க்கத்தை விட்டுவிட்டு இந்தக் குளிருக்குள் எப்படி இருக்கிறீர்கள்? சண்டை நடந்தது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் மனதில் நிற்பது அதுவல்ல. கடற்கரையில் சனங்கள் ஓடுப்பட்டுத் திரிவதில்லை, மணிக்கூடு பார்ப்பதில்லை, பின்னேரம் ஆனால் இருந்து கதைக்கிறார்கள். அந்தச் சீவியத்தைத்தான் சொல்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். "ஊரில எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை" என்று தொடங்குவோம். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு குண்டுவீச்சுக் கதை. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஊர் என்றால் இரண்டு படம்தான் தெரியும்: ஒன்றில் பனையும் கடலும் ஊஞ்சலும், மற்றதில் நெருப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் தாய் தகப்பன் என்ன செய்து சீவித்தார்கள், அந்த அமைதிக்கு யார் காசு கட்டினார்கள் என்பது விடுபட்டுப் போகிறது. இம்மாதப் பேச்சு அதைப் பற்றியது. நான் புங்குடுதீவில் பிறந்தவள் என்றபடியால் எனக்குத் தெரிந்த தீவுகளை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது: ஆறுதல். துக்க வீட்டில் சொல்வதும் ஆறுதல்தான். ஆனால் வாசலில் வந்து நிற்கிறவரைப் பார்த்து "ஆறுதலா வாங்கோ, ஆறுதலா இருந்து சாப்பிடுங்கோ" என்று சொன்னால் அது வேறு. அவசரம் வேண்டாம், நேரம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். டெனிஷ்காரர் எங்கள் கரையில் கண்டு மயங்குவது இந்த இரண்டாவது ஆறுதலை. அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது எங்களிடம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

நிலத்திலிருந்து வரவில்லை என்பது நிச்சயம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே சிதறிக் கிடக்கிற எங்கள் தீவுகளில் கொஞ்ச மண்ணைக் கிண்டினால் சுண்ணக்கல் வந்துவிடும். ஆறில்லை, மலையில்லை. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை விழுகிற மழையை நம்பி ஒருபோக நெல். மற்ற மாதங்களில் பனை. கிணற்றை ஆழமாக வெட்டினால் உப்பு மேலே வந்துவிடும். நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே என்று தெரிந்து குடத்தோடு நடக்க வேண்டும். நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே காணியைச் சுற்றிக் கட்டியிருக்கிற கல்வேலியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய வேலி. படம் எடுக்க வடிவாகத்தான் இருக்கும். நிலத்தில் கல் அதிகம், எங்காவது அதைக் குவிக்க வேண்டும், அதனால் வேலி வந்தது.

இந்த மண்ணை மட்டும் நம்பியிருந்தால் எங்கள் ஊர்களில் இத்தனை சனம் சீவித்திருக்க முடியாது. எங்கள் தீவுகள் எப்போதுமே போக்குவரத்தில் சீவித்தவை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் பொலனறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள அரசன், ஆனால் ஆணை தமிழில். கடற்கரையில் யார் வாசிப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. (பின்னால் வந்தவர்கள் 1956 இல் இந்தக் கல்லை ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாம்.) பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று அதில் சொல்லப்படுகிறது. ஊராத்துறை என்பது எங்கள் ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் சரிபாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா இந்தக் கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார். எண்ணூறு வருசத்துக்கு முன்னரே எங்கள் கரையில் கப்பல் உடைந்தால் யாருக்கு எவ்வளவு என்று கணக்கு வைக்க வேண்டிய அளவுக்குப் போக்குவரத்து இருந்திருக்கிறது என்றால், அது ஒதுங்கிக் கிடந்த தூங்குமூஞ்சிக் கரையாக இருந்திருக்க முடியாது.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணை லெய்டன் ஆனது, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைநகர் அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட். இவற்றில் டெல்ப்ட் இன்றும் அரச கடதாசிகளில் நிற்கிறது. பெயர் வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். அதன் மிச்சந்தான் இன்றும் வெளியில் மேய்கிற அந்தக் கட்டைக் குதிரைகள். துணிக்குச் சிவப்புச் சாயம் போடுகிற சாயவேரைக் கிண்டி எடுக்கச் சனங்களை வைத்தார்கள். வெயிலுக்குள் குந்தியிருந்து வேர் கிண்டினவர்களுக்கு ஆறுதல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

டெனிஷ்காரரும் இந்தக் கடலுக்குப் புதியவர்கள் அல்ல. 1620 இல் அவர்களுடைய கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. அங்கே காலூன்ற முடியாமல் போய்த் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845 இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். தேநீர் மேசையில் இதைச் சொன்னால் எங்களோடு வேலை செய்கிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையாம்.

இனி எனக்கு நேரே தெரிந்த காலத்துக்கு வருகிறேன். ஆங்கிலேயர் காலத்திலிருந்து எங்கள் தீவுகளின் ஆண்கள் ஊரில் இருக்கவில்லை. படித்தவர்கள் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து, பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். மற்றவர்கள் கொழும்புக்கும் கண்டிக்கும் காலிக்கும், தெற்கில் சந்தை கூடுகிற சின்னச் சின்ன ஊர்களுக்கும் போய்க் கடை வைத்தார்கள். சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை. புங்குடுதீவான், காரைதீவான் கடை இல்லாத ஊரே இல்லை என்று அந்தக் காலத்தில் பகிடியாகச் சொல்வார்கள். பகிடியில் பாதி உண்மை.

என் ஐயாவும் அப்படித் தெற்கில் ஒரு ஊரில் கடை வைத்திருந்தவர். பன்னிரண்டு வயதில் தாய்மாமனோடு கடைப்பொடியனாகப் போனவர். விடிய ஐந்து மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் பலகை போடுவது. கணக்கு எழுதி முடித்து, அரிசி மூட்டைகளுக்கு இடையில் பாய் விரித்துப் படுப்பது. சிங்களம் தண்ணீர் பட்டபாடு; கணக்குக் கொப்பி மட்டும் தமிழில். வருசத்தில் இரண்டு தரம் ஊருக்கு வருவார், சித்திரை வருசத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும். யாழ்தேவியில் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து பண்ணைத் தாம்போதி கடந்து, வேலணை கடந்து, பேருந்தில் வந்து இறங்குவார். முதல் இரண்டு நாளும் அவர் ஐந்து மணிக்கே எழும்பிவிடுவார். திறப்பதற்கு ஒரு கடை இல்லாமல் முற்றத்தில் அங்கும் இங்கும் நடப்பார். மூன்றாம் நாள்தான் சாய்மனைக் கதிரையில் சாய்வார். நான் அறிய அந்தக் கதிரையில் அவர் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருசம் வராது.

அந்தக் கதிரையைத்தான் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். கடைக்குள் விரித்த பாயைச் சொல்வதில்லை.

மாதம் பிறந்தால் மணியோடர் வரும். அதில்தான் அரிசி, சீத்தை, பள்ளிக்கூடக் காசு எல்லாம். ஆனால் மணியோடர் மட்டும் வீட்டை நடத்தாது. தீவை நடத்தியவர்கள் பெண்கள். என் ஆச்சி விடியமுன் எழும்பி நல்ல தண்ணீருக்குப் போவா. பிறகு ஆடு, மாடு, கோழி. புரட்டாதி, ஐப்பசியில் வயலுக்கு ஆள் பிடித்து விதைப்பிப்பது அவ; தை மாதம் அரிவி வெட்டும்போது கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதும் அவ. ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கினால் அதைப் பிசைந்து பாயில் ஊற்றிப் பினாட்டுக் காய வைக்க வேண்டும். விதையைப் பாத்தியில் அடுக்க வேண்டும். தை, மாசியில் கிழங்கு கிண்டி, கிழித்துக் காயப்போட்டால் ஒடியல். அவித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். ஓலையை வெட்டி மிதித்து வைத்து வேலி அடைக்க வேண்டும், கூரை வேய வேண்டும், பாயும் கடகமும் இழைக்க வேண்டும். சோளகக் காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளித்தால் மீன் வராது. அந்த மாதங்களுக்குக் கருவாடும் ஒடியல் மாவும் முன்கூட்டியே வீட்டில் இருக்க வேண்டும். ஒடியற் கூழை இங்கே நாங்கள் ஒன்றுகூடல்களில் ஆசையாகக் காய்ச்சுகிறோம். அது ஆசைக்காக உண்டானதல்ல, அரிசி இல்லாத நாளுக்காக உண்டானது.

இத்தனையும் முடிந்து பின்னேரம் ஐந்து மணிக்கு ஆச்சி முகம் கழுவி, விபூதி பூசி, திண்ணையில் வெற்றிலைத் தட்டத்தோடு இருப்பா. அந்த நேரம் யாராவது வெளிநாட்டுக்காரர் தெருவால் போயிருந்தால், இந்தத் தீவில் மனிதருக்கு வேலையே இல்லை என்றுதான் எழுதியிருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்குப் பிடிக்காது. அந்தத் திண்ணை எல்லாருக்கும் இருக்கவில்லை. பனை ஏறினவர்களுக்கும், எங்கள் வயலில் அரிவி வெட்டினவர்களுக்கும் விடியலும் பின்னேரமும் வேலை. நல்ல தண்ணீர்க் கிணற்றில் தாங்களாக அள்ள முடியாமல், யாராவது ஊற்றும் வரை குடத்தை வைத்துக்கொண்டு நின்ற சனங்கள் இருந்தார்கள். "அவசரமில்லாத ஊர்" என்று நாங்கள் சொல்கிறபோது அந்தக் கிணற்றடியில் காத்து நின்றவர்களும் அவசரமில்லாமல்தான் நின்றார்களா என்று யோசிக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளும் இன்று இந்த நாட்டில் இருக்கிறார்கள். எங்கள் ஊர்க்கதையை அவர்கள் கேட்கும்போது என்ன நினைப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

இதெல்லாம் எங்களுக்கு மட்டும் உரிய விசயம் என்று நினைத்திருந்தேன். சில வருசங்களுக்கு முன் இங்கிருந்து பெண்கள் சிலர் சேர்ந்து பானோ தீவுக்கு ஒரு நாள் சுற்றுலா போனோம். எஸ்பியர்க்கில் இருந்து பன்னிரண்டு நிமிடக் கப்பல். ஓலை வேய்ந்த வீடுகள், மணல், காற்று. பார்த்தவுடன் எங்களில் ஒரு அக்கா "இதென்னடி, எங்கட ஊர்ச் சோளகம் மாதிரி அடிக்குது" என்றா. அங்கே அருங்காட்சியகத்தில் சொன்ன கதையைக் கேட்டு நாங்கள் ஆளை ஆள் பார்த்தோம். 1741 இல் அந்தத் தீவுச் சனங்கள் காசு சேர்த்துத் தங்கள் தீவை அரசனிடமிருந்து ஏலத்தில் வாங்கினார்களாம். பிறகு கப்பல் கட்டி உலகம் முழுக்க ஓடினார்கள். 19 ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் பெரிய கப்பற் கூட்டங்களில் ஒன்று அந்தச் சின்னத் தீவினுடையது. ஆண்கள் எல்லாரும் கடலில். வயல், மாடு, பிள்ளைகள், வீடு எல்லாம் பெண்களோடு. மணற்காற்றும் வெயிலும் முகத்தைத் தின்னாமல் இருக்கத் துணியால் முகமூடி போட்டுக்கொண்டு வயலில் நின்ற பெண்களின் படம் அங்கே தொங்குகிறது. இன்று அந்த வீடுகளில் கோடை விடுமுறைக்காரர் இருந்து கோப்பி குடிக்கிறார்கள். தீவு அமைதியானது என்று சொல்கிறார்கள்.

பானோவின் கதை கப்பற்காலம் முடிந்து சுற்றுலாவில் போய் நின்றது. எங்கள் கதையின் அடுத்த பாகம் அப்படியல்ல.

1958 இல் தெற்கில் கடைகள் எரிந்தன. ஓடி வந்தவர்கள் சில மாதம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பவும் போனார்கள், வேறு வழியில்லை. 1977 ஆவணியில் திரும்பவும் எரிந்தது. ஐயாவின் கடை போனது அந்த முறைதான். அவர் கணக்குக் கொப்பியை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார், தர வேண்டியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன என்பதற்காக. 1983 யூலையில் மிச்சமும் போனது. உயிரோடு வந்தவர்களைக் கப்பலில் கொண்டுவந்து காங்கேசன்துறையில் இறக்கினார்கள். எங்கள் ஊரில் முதல்தடவையாக ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் இருந்தார்கள், மாதக்கணக்காக. பகல் முழுக்கத் திண்ணையில் இருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதைவிட ஆறுதலான காலம் எங்கள் தீவுக்கு இருந்ததில்லை. வீட்டுக்குள் அடுப்பு எரிய வழியில்லை.

பிறகு கடலும் போனது. 1985 மே 15 அன்று நெடுந்தீவில் இருந்து வந்துகொண்டிருந்த குமுதினி என்ற பயணிகள் படகைக் கடலில் மறித்துக் குறைந்தது 23 பேரை வெட்டிக் கொன்றார்கள். பெண்களும் கைக்குழந்தையும் அதில் அடக்கம். செய்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். சர்வதேச மன்னிப்புச் சபையும் அதைப் பதிவு செய்திருக்கிறது. குமுதினி என்பது எங்களுக்கு வெறும் படகு அல்ல. ஆசிரியர்மார், உத்தியோகத்தர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், எல்லாரும் தினமும் ஏறி இறங்குகிற படிக்கட்டு மாதிரி அது. அதற்குப் பிறகு கடலைப் பார்த்து யாரும் பயமில்லாமல் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 1990 இலும் 1991 இலும் நடந்த படை நடவடிக்கைகளோடு தீவுகளில் பெரும்பகுதிச் சனம் குடாநாட்டுக்குள்ளும் வன்னிக்குள்ளும் இடம்பெயர்ந்தது. பூட்டிய கதவுகளும் ஆளில்லாத முற்றங்களும் மிஞ்சின.

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்குக்கு வந்தவர்களில் அதிகமானோர் தனி ஆண்கள். அகதிகள் உதவிச் சபை அவர்களை யூட்லண்டின் சின்னச் சின்ன நகரங்களில் பிரித்துக் குடியேற்றியது. கடலே கண்ணில் படாத இந்த பிராண்டேயும் அப்படித்தான் எங்களுக்கு ஊரானது. அறைக்கு நாலு பேர், இரவு வேலை, தொலைபேசிக்குக் காசு சேர்ப்பது. ஐயாவின் கடைப்பாயைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பின்னால் வந்து அந்த அறைக் கதைகளைக் கேட்டபோது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. காசு இப்போது மணியோடரில் போகவில்லை, வங்கியில் போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஆண்களின் மனைவி, பிள்ளைகள் சட்டப்படி இங்கே வர உரிமை உள்ளவர்கள். 1987 இல் அப்போதைய நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் தமிழர்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கச் செய்தார். அதை விசாரித்த அறிக்கை வந்தபோது, 1993 யனவரியில், பிரதமர் போல் சுலூட்டரின் அரசே பதவி விலக வேண்டி வந்தது. 1995 இல் அரச குற்றவியல் நீதிமன்றம் நின் ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. டெனிஷ் பள்ளிக்கூடப் புத்தகங்களில் இது 'தமிழர் வழக்கு' என்ற பெயரில் அரசியல் பாடமாக இருக்கிறது. எங்களுக்கு அது அரசியல் மட்டுமல்ல. பெண்கள் தீவில் இருந்து வீட்டை நடத்த, ஆண்கள் தூரத்தில் பாயில் படுத்துக் காசு அனுப்புகிற அந்தப் பழைய ஒழுங்கு, இந்த முறை சனங்கள் தாங்களாகத் தெரிந்தெடுக்காமல், ஒரு கந்தோர் மேசையில் இருந்து நீட்டப்பட்டது. காத்திருந்த அந்த வருசங்களில் ஊரில் படை நடவடிக்கைகள் நடந்துகொண்டிருந்தன.

இன்று யாழ்ப்பாணத்தில் இருந்து 776 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால் குறிகட்டுவான் வரை போகலாம். அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் படகு. ஒரு காலத்தில் சனம் நிறைந்திருந்த புங்குடுதீவில் இப்போது தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள், கூரை விழுந்த வீடுகள், முற்றத்தில் முளைத்த பனங்கன்றுகள். திருவிழா நாட்களில் கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் இங்கிருந்தும் போய் இறங்குவோம். கோயில்களுக்குப் புதுக் கோபுரம், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், கிணறு இறைக்க இயந்திரம், எல்லாம் தூரத்துக் காசு. இரண்டு கிழமை சாய்மனைக் கதிரையில் இருந்துவிட்டுத் திரும்புகிறோம். போன முறை நான் போனபோது, பக்கத்து வளவில் தனியாக இருக்கிற மாமி ஒருவர் என்னைப் பார்த்து, "உன்ர கொப்பரும் இப்பிடித்தான் பிள்ளை, வந்த உடன மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிப்பார்" என்றா.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பழைய மணியோடர் துண்டுகள், கடை விலாசம் அச்சடித்த கடதாசிகள், தெற்கிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்கள், கணக்குக் கொப்பிகள் யார் வீட்டிலாவது இருந்தால் குப்பையில் போடாதீர்கள். ஐயாவின் கொப்பி என்னிடம் இருக்கிறது. அதில் 41 பெயர்கள். பாதிக்கு மேல் சிங்களப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று அளவும் காசும். இப்படியானவற்றை நிலையத்தில் படமெடுத்து வைக்க ஒழுங்கு செய்திருக்கிறோம். சனிக்கிழமை ஒலிபரப்பு முடிந்த பிறகு கொண்டு வந்தால் போதும். ஆறுதலாக வாங்கோ, தேநீர் இருக்கும்.